பிள்ளை பிறந்தால் அம்மாவின் அருமை தெரியுமாமே, எனக்குக் கோபம்தான் வருகிறது

பிப்ரவரி 3, மாலை 6.20 (ஒரு வாசகியின் கேள்வி)

“உனக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்பத் தெரியும் என் அருமை.” இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். பிறந்தாகிவிட்டது, நாலு மாதமும் ஆகிவிட்டது. அருமை ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு சின்ன உயிரைப் பார்த்து அப்படிக் கத்த அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் தோன்றுகிறது. என் வயதுத் தோழிகள் எல்லாம் அம்மாவை நினைத்து உருகுகிறார்கள். எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

பிப்ரவரி 3, இரவு 11.50

கோளாறெல்லாம் இல்லை. எனக்கும் முதலில் வந்தது கோபம்தான். அருமை பின்னால் வந்தது. அதுவும் கோபத்தைத் துரத்திவிட்டு வரவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் குடியிருக்கின்றன.

என் அம்மா கத்துகிற ரகம் இல்லை, பேச்சை நிறுத்திவிடுகிற ரகம். நான் ஏதாவது தப்புச் செய்தால் நாள் கணக்கில் முகம் பார்க்க மாட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்துவிடும். அப்படி வளர்ந்தவள் மடியில் இப்போது ஒரு குழந்தை, என் முகத்தையே தேடித் தேடிப் பார்க்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சரி, வலி தெரியும். அதே வலியோடு முன்னால் இருந்தவர் மேல் பாசம் பொங்கும் என்று அந்தப் பழமொழியில் எங்கேயும் இல்லை. அதை நாமாகச் சேர்த்துக்கொண்டது.

மகள் எழுந்துவிட்டாள். மீதி பிறகு.

பிப்ரவரி 4, அதிகாலை 3.05

பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வாரங்களில் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். படிக்கும்போது இது ஒரு எண். குடிக்கவைத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, நனைந்ததை மாற்றி, மறுபடி தூங்கவைத்து நிமிர்ந்தால் அடுத்த வேளைக்குச் சொற்ப நேரம்தான் பாக்கி. ராத்திரி எது பகல் எது என்று அந்த உடம்புக்குத் தெரியவே 2, 3 மாதம் ஆகும். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் தாயின் உடம்பில் இரவில்தான் கூடுதலாக இருக்கும். ஆக இந்த ராத்திரி வேலை ஏதோ என் குழந்தையின் கெட்ட பழக்கம் இல்லை.

என்னைப் போட்டு ஆட்டிய விஷயம் வேறு. பெரியவர்களிடம் அவர்களுடைய ஆக முந்தைய ஞாபகம் எது என்று கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்ததைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்தது கிட்டத்தட்ட துடைத்து வைத்தது போல் இருக்கும். குழந்தைக்கால மறதி என்று இதற்குப் பெயரே உண்டு. கணக்கைப் பாருங்கள். அம்மா எனக்காக ஆக அதிகமாக உழைத்த வருஷங்கள் எவையோ, அவையேதான் என்னிடம் இல்லாத வருஷங்கள். என் ஞாபகத்தில் இருக்கும் அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பின்னலை இறுக்கி இழுக்கும் அம்மா. ஏற்கனவே களைத்துப்போனவள், ஏற்கனவே சட்டம் பேசுகிறவள். அவளை மட்டும் வைத்து முப்பது வருஷமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பாகத்து அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இப்போதுதான், அவள் இடத்தில் உட்கார்ந்து, பார்க்கிறேன்.

இதைத் தகவல் என்றுதான் சொல்வேன். அன்பு என்று உடனே பெயர் வைக்க வேண்டாம்.

பிப்ரவரி 4, மதியம் 12.40

அப்பாவிடம் கேட்டேன், நான் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி என்று. “நீயா? ராத்திரியில அழவே மாட்டே. தங்கமான பிள்ளை” என்றார், முழு நம்பிக்கையோடு. அம்மா அடுத்த அறையிலிருந்து சிரித்த சிரிப்பு போனில் எனக்கே கேட்டது.

பிப்ரவரி 4, மாலை 5.15

கீழே ஒருவர் “தாய் தெய்வம், தெய்வத்தை எடைபோடலாமா” என்று எழுதியிருக்கிறார். ஐயா, தெய்வத்துக்கு மணிக்கட்டு வலிக்காது.

பிப்ரவரி 6, இரவு 10.30

மணிக்கட்டு என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டார்கள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். எங்கேயாவது சும்மா உட்கார்ந்தால் இடது கைக் கட்டைவிரலின் அடியை வலது கையால் பிடித்துப் பிசைந்துகொண்டே இருப்பாள். டிவி பார்க்கும்போது, போன் பேசும்போது, கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது. அது அவளுடைய சுபாவம் என்றே நினைத்திருந்தேன். சிலர் தலையைச் சொறிவது போல.

போன மாதம் குழந்தையைத் தூக்கும்போது என் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுரீர் என்று ஒரு இழுப்பு. டாக்டர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். கத்திவிட்டேன். டி கெர்வெய்ன் என்ற ஸ்விஸ் அறுவை மருத்துவர் 1895-இல் விவரித்த கோளாறாம். கட்டைவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்து, கட்டைவிரலை விரித்துவைத்துத் திரும்பத் திரும்பத் தூக்கும்போது அந்த உறை தடித்து உரசுகிறது. பிள்ளை பெற்றவர்களுக்குச் சகஜமாக வருவதால் தாய்மார் மணிக்கட்டு என்றே சொல்வார்களாம்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். என்னை அறியாமல் வலது கை போய் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் உறைத்தது.

அம்மாவைக் கூப்பிட்டு, “உனக்கு அந்தக் கை வலி எப்ப ஆரம்பிச்சுது?” என்றேன். “எந்த வலி? ஓ, அதா. நீ பொறந்தப்ப வந்துச்சு. அப்புறம் போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்” என்றாள். டாக்டரிடம் போனாயா என்றால், “கை வலிக்கெல்லாம் யாரு போவா?” வலி போய்விட்டது, பிசைவது மட்டும் தங்கிவிட்டிருக்கிறது.

ஒரு விஷயம், பயன்படும்: கட்டைவிரலை விரிக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து வாரி எடுங்கள். ஒரு கை பிட்டத்துக்கு, ஒரு கை முதுகுக்கு. இதை யாரும் எனக்கு மகப்பேறு வகுப்பில் சொல்லவில்லை. மூச்சு விடுவதை மட்டும் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள், அது எனக்கு முன்னாலேயே தெரியும்.

பிப்ரவரி 9, அதிகாலை 4.20

தூங்கின குழந்தையைக் கீழே கிடத்துவது. இதைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன்.

தோளில் நன்றாகத் தூங்குவாள். மெதுவாகக் குனிந்து, முதுகு மெத்தையில் பட்டு, தலை பட்டு, நான் என் கையை அங்குலம் அங்குலமாக உருவும்போது கண் படீர் என்று திறக்கும். இரண்டு கையும் விரியும். மோரோ அனிச்சை, திடுக்கிட்டால் தானாக வருவது, 4 முதல் 6 மாதத்தில் போய்விடும் என்றெல்லாம் படித்தாகிவிட்டது. படித்ததால் அவள் தூங்கிவிடப் போவதில்லை.

அம்மா வந்திருந்தபோது பார்த்தேன். அவள் தூக்கிக்கொண்டு கூடத்தில் நேராக நடப்பாள். தாலாட்டு கிடையாது, தட்டுவது கிடையாது, ஏதோ வேலையாகப் போவது போல ஒரே வேகத்தில் நடை. குழந்தை கண் மூடியதும் நான் “சரி படுக்கவை” என்று கை காட்டுவேன். காட்டினாலும் கேட்க மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அசையாமல் ஒரு பத்து நிமிஷம். குழந்தையின் கை துவண்டு தொங்கும்வரை. அதற்குப் பிறகுதான் எழுந்துபோய்ப் படுக்கவைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும், தூங்கினதை ஏன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று.

2022-இல் ஜப்பானில் ரிக்கன் ஆய்வு நிறுவனத்துக் குரோடா குமி குழு குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து சொன்னது இதுதான்: அழும் குழந்தையை 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடங்கள், தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்காருங்கள், அதற்குப் பிறகு கிடத்துங்கள். குழந்தையை உலுக்குவது மெத்தை இல்லையாம், நம் உடம்பிலிருந்து அது பிரிய ஆரம்பிக்கும் அந்தக் கணம்தானாம்.

அம்மாவிடம் சொன்னேன். “பத்து நிமிஷம் உட்காந்தா எனக்குக் காலுக்கு ஓய்வு, அதுக்காக உட்காந்தேன்” என்றாள். விஞ்ஞானத்தை இப்படிக் காலை வாரக் கூடாது.

பிப்ரவரி 10, காலை 9.10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு “பழையவர்கள் சொன்னது எல்லாமே சரி, நாம்தான் இணையத்தைப் பார்த்துக் கெட்டுப்போனோம்” என்று இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்துங்கள். நான் அதைச் சொல்லவில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டையே நாலாவது மாதத்தில்தான். “ஊட்ட ஆரம்பி, உனக்கு நாலாம் மாசத்துலயே கொடுத்தேன்” என்றாள். தண்ணீரும் கொடுக்கச் சொன்னாள். நான் ஆறு மாதம் முடியும்வரை பால் மட்டும் என்று நின்றேன். அவள் சொன்னது “அப்போ நான் உன்னைக் கெடுத்துட்டேனா?” அதற்குப் பிறகு மௌனம், பழையபடி.

தேடிப் பார்த்ததில் தெரிந்தது: நான் பிறந்தது 1990. அப்போது உலக சுகாதார நிறுவனம் சொன்னதே 4 முதல் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான். 2001-இல்தான் 6 மாதம் என்று மாற்றினார்கள். குப்புறப் படுக்கவைப்பதும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புறப் போடாதீர்கள் என்று சொன்னது 1992-இல். அதற்கு முன்னால் பல நாடுகளில் டாக்டர்களே குப்புறப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மல்லாக்கப் போட ஆரம்பித்த பிறகு தூக்கத்தில் காரணம் தெரியாமல் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே பாதிக்கும் கீழே போனது. ஆக அம்மா தன் காலத்துக்குச் சரியாகத்தான் செய்தாள், இன்றைக்கு அதைச் செய்யக் கூடாது. இரண்டையும் சேர்த்து அவளிடம் சொன்னேன். ஆறு மாதம் வரை மறுபடி தண்ணீர்ப் பேச்சு வரவில்லை. ஒப்புக்கொண்டாளா என்றால், அதுவும் இல்லை.

நான் இப்போது வேதமாகப் பிடித்துக்கொண்டிருப்பதில் எதை என் மகள் வந்து “அம்மா, நிஜமாவே அப்படியா செஞ்சீங்க?” என்று கேட்கப் போகிறாளோ. பட்டியல் போட ஆரம்பித்தேன், பயமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11, இரவு 1.30

பெத்த மனம் பித்து. கவித்துவம் ஒன்றும் இல்லை, வெறும் தூக்கமின்மை. இன்று ரிமோட்டை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, மாலை 7.00

அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு இரண்டாவது வாரமும் தாண்டி அழுகை நிற்கவில்லை. முதல் சில நாள் எல்லோருக்கும் வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வடியவில்லை. குழந்தை அழுதால் எனக்கு ஒன்றுமே தோன்றாது. அதுதான் பயமுறுத்தியது. பரிசோதனைக்குப் போனபோது பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்கும் எடின்பரோ அளவுகோல், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மருந்து, பேச்சு சிகிச்சை, இப்போது பரவாயில்லை.

அம்மாவிடம் கேட்டேன், உனக்கு இப்படி இருந்ததா என்று.

உடனே “சேச்சே” என்றாள். பிறகு நாலைந்து நாள் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, குரல் மாறாமல் சொன்னாள்: “நீ அழுதா உன்னைப் படுக்கையில விட்டுட்டுக் குளியலறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவேன். குழாயைத் திறந்து விட்டுடுவேன். அழுகை கேக்கக் கூடாதுன்னு. உன்னோடதா என்னோடதான்னு தெரியல.”

எவ்வளவு நாள் அப்படி? “யாரு எண்ணினா?”

அப்பா எங்கே என்றேன். “ஆபீஸ் போயிருப்பார். வந்து உன்னைக் கொஞ்சுவார். அவர் வரும்போது நீ சிரிப்பே.”

அந்த அளவுகோலை ஸ்காட்லாந்தில் உருவாக்கி வெளியிட்டது 1987. என்னைப் பெற்றபோது அதற்கு மூன்று வயது. அம்மா வரைக்கும் அது வந்து சேரவில்லை. வந்திருந்தால் அந்தத் தாளில் அவள் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். “சேச்சே” என்றுதான் எழுதியிருப்பாள்.

பிப்ரவரி 15, இரவு 9.45

இதைப் படித்துத் தனக்கும் அப்படித்தான் என்று தனிச் செய்தியில் எழுதியவர்களுக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காதீர்கள். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே சொல்லுங்கள், டாக்டரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ. தாங்க முடியாதபோது குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் அறையை விட்டு வெளியே போவது குற்றம் இல்லை. இன்றைக்கு டாக்டர்களே அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். அம்மா அதைத்தான் செய்திருக்கிறாள். செய்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 17, மதியம் 2.20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார்: “உங்கள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். என் அம்மா அடித்தார். இரண்டும் ஒன்றா?”

ஒன்றில்லை. நான் எழுதியதெல்லாம் சேர்ந்து உங்களை உருகச் சொல்வது போல ஆகிவிட்டது. அந்த நோக்கம் எனக்கு இல்லை.

பிள்ளை வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்த பிறகு அம்மா செய்ததில் சிலதை எளிதாக மன்னிக்க முடிகிறது. சிலதை முன்னைவிட மன்னிக்க முடியாமல் போகிறது. இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் அம்மா எரிந்து விழுந்தது, பள்ளி விழாவுக்கு வராமல் தூங்கிப்போனது, நான் சொன்ன கதையைப் பாதியில் கேட்காமல் விட்டது, இதெல்லாம் எனக்கு இப்போது ஒன்றுமே இல்லை. நானும் கேட்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறேன். அந்த மௌனம் அப்படி இல்லை. என் மகளிடம் ஒரு தடவை சிரித்தால் போதும், ஒரு நிமிஷம் முன்னால் நடந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து ஒட்டிக்கொள்கிறாள். குழந்தையைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சுலபம். அது தெரிந்த பிறகு, நாள் கணக்கில் அதைச் செய்யாமல் இருந்தவள்மேல் முன்னைவிடக் கோபம் வருகிறது. களைப்பு காரணம் என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை, களைத்துப்போனவளுக்கு மௌனம்தான் கூடுதல் வேலை.

அடித்ததை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

வின்னிகாட் என்று ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனப் பகுப்பாய்வாளர். குறையே இல்லாத தாய் வேண்டாம், போதுமான அளவுக்கு நல்லவளாக இருந்தால் போதும் என்று 1950-களிலேயே எழுதியவர். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அம்மாவுக்கும் அந்தச் சலுகை உண்டுதானே என்று அடுத்து தோன்றியது. உண்டு. ஆனால் போதுமா இல்லையா என்று சொல்லும் உரிமை பிள்ளைக்குத்தான் என்பது என் கட்சி. என் மகள் நாளைக்கு என்னைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கட்சியை மாற்றிக்கொள்வேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 20, இரவு 12.15

சம்பந்தம் இல்லாத ஒன்று. அல்லது சம்பந்தம் உள்ளதுதானோ என்னவோ.

பெண் குழந்தை கருவில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகத்தில் அறுபது, எழுபது லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்து, இருபது லட்சமாகக் குறைந்துவிடும். புதிதாகச் சேர்வதில்லை என்பதுதான் பொதுவான கருத்து. ஆக என் மகள் எந்த முட்டையிலிருந்து வந்தாளோ, அது நான் பிறப்பதற்கு முன்பே, என் அம்மாவின் வயிற்றுக்குள் இருந்த எனக்குள் இருந்தது. அம்மா இரண்டு தலைமுறையைச் சேர்த்துச் சுமந்திருக்கிறாள், ஒன்றின் கனம் மட்டும் தெரிந்து.

இதைவிட விசித்திரம்: கருவில் இருக்கும் குழந்தையின் செல்கள் சில தாயின் ரத்தத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் ரத்தத்தில் 27 வருஷத்துக்குப் பிறகும் ஆண் செல்களைக் கண்டுபிடித்து 1996-இல் எழுதினார்கள். தாயின் செல்களும் பிள்ளைக்குள் வந்து தங்குகின்றன. அம்மாவிடம் சொன்னேன். “அதான் எனக்கு முட்டி வலியா” என்று கேட்டாள்.

பிப்ரவரி 21, காலை 8.00

உயிரியல் படித்த ஒருவர் திருத்துகிறார்: கருவில் இருப்பது முழு முட்டை இல்லை, முட்டையின் முதல்நிலைச் செல், பாதிப் பிரிவில் அப்படியே உறைந்து நிற்பது, பல வருஷம் கழித்து அந்தந்த மாதத்தில்தான் முதிர்கிறது. சரி. முப்பது சொச்சம் வருஷம் பாதி வேலையில் நிறுத்திவைக்கப்பட்ட ஒன்று. எங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 27, இரவு 11.10

இத்தனை எழுதியவளுக்கு இந்த வாரம் ஒரு சோதனை.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நானும் கணவரும் எங்களுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டோம். கேட்கக்கூட இல்லை. “எப்ப வர்றேம்மா?” என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன்.

“வரல” என்றாள். “வாரத்துல ரெண்டு நாள் வேணா வர்றேன். தினம் என்னால முடியாது.”

ஏன்? அவளுக்கு நடைப் பயிற்சித் தோழிகள் இருக்கிறார்கள். ஒரு தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், அறுபத்திரண்டு வயதில். முட்டி வலிக்கிறது. இந்தக் காரணங்களை அவள் சொல்லவே இல்லை, நானாக அவளுக்காக அடுக்கிப் பார்த்தேன், எதுவும் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. அவள் சொன்னது ஒன்றுதான்: “ஒரு தடவை செஞ்சாச்சுடி.”

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. போனை வைத்துவிட்டுக் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். சொந்தப் பேத்தி, மற்ற அம்மாக்கள் எல்லாம் ஏங்குகிறார்கள், இப்படி உண்டா. அவர் ஒன்றும் சொல்லாமல் குழந்தைக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தார். (அவர் கால் துடைத்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். அம்மா இந்த முப்பத்தைந்து வருஷத்தில் அதற்கு ஒரு பாராட்டு வாங்கியிருப்பாளா? இது தனி இழைக்கு உரிய விஷயம்.)

ராத்திரி பால் கொடுக்கும்போது கொஞ்சம் ஆறியது. இந்த இழையில் நான் எழுதியதெல்லாம் என்ன? அவள் செய்தது வேலை, பெரிய வேலை, மணிக்கட்டும் மனசும் தேய்ந்த வேலை, யாரும் பார்க்காத வேலை. அது வேலை என்று நிஜமாகவே எனக்குப் புரிந்திருந்தால், ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு “நாளையிலிருந்து வந்துவிடு” என்று சொல்ல வாய் வந்திருக்குமா? அருமை தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் அவள் கையில் ஒப்படைக்கப் பார்த்தேன். அம்மாவைப் புகழ்கிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறோம் என்று சந்தேகமாக இருக்கிறது. புகழ்ந்தால் செலவு இல்லை.

இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

பிப்ரவரி 28, மதியம் 1.00

ஒருவர் அறிவியலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்: மனிதப் பெண்கள் பிள்ளை பெறும் வயது தாண்டியும் பல்லாண்டு வாழ்வதே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான், “பாட்டிக் கருதுகோள்” சொல்கிறது என்று. ஆகவே என் அம்மா இயற்கைக்கு விரோதமாக நடக்கிறாராம்.

அந்தக் கருதுகோள் எனக்கும் தெரியும். தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் கிறிஸ்டன் ஹாக்ஸ் முதலான மானிடவியலாளர்கள் பார்த்தது அது. வயதான பெண்கள் கடினமான நிலத்தில் கிழங்கு தோண்டி எடுத்துவந்து, அடுத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மகளின் மூத்த பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள், அந்தப் பிள்ளைகள் நன்றாக எடை போட்டார்கள். பின்லாந்து, கனடா பழைய பதிவேடுகளை வைத்து 2004-இல் வந்த ஆய்வும் நீண்ட நாள் வாழ்ந்த பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் அதிகம் என்றது. எல்லாம் சரி. ஆயுள் ஏன் நீண்டது என்பதற்கு அது ஒரு விளக்கம். என் அம்மாவுக்கான டியூட்டி சார்ட் இல்லை.

இயற்கையை வைத்துத்தான் வாதம் என்றால் ஓர்க்கா திமிங்கலத்தைப் பாருங்கள். பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகும் நெடுநாள் வாழும் மிகச் சில உயிரினங்களில் அதுவும் ஒன்று. அந்த அம்மாக்கள் ஆளாகி நிற்கும் மகன்களுக்குக்கூட மீனைப் பிடித்துப் பாதியாகக் கடித்துக் கொடுக்கும். மகள்களுக்கு அவ்வளவு கவனிப்பு கிடையாது. மகன்களைத் தாங்குவதால் அந்தத் தாய்க்கு அடுத்த கன்று பிழைக்கும் வாய்ப்பே குறைகிறதாம். என் அண்ணன் இதைப் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மார்ச் 2, மாலை 4.30

ஏற்பாடு ஆகிவிட்டது. இரண்டு நாள் அம்மா, மூன்று நாள் காப்பகம். கணவர் தன் வேலை நேரத்தை முன்னால் தள்ளிக்கொண்டார், சாயங்காலம் அவர்தான் அழைத்துவர வேண்டும். காப்பகக் கட்டணத்தைப் பார்த்த பிறகு அம்மாவின் பழைய வருஷங்களுக்கு ஒரு தோராயமான பில் மனசுக்குள் ஓடியது, நிறுத்திக்கொண்டேன்.

அம்மா வரும் இரண்டு நாளில் நான் ஒன்றைச் செய்கிறேன்: எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. மல்லாக்கப் படுக்கவைப்பது, காய்ச்சல் வந்தால் கூப்பிடுவது, இவை மட்டும் சட்டம். மற்றதெல்லாம் அவள் பாடு.

மார்ச் 5, இரவு 10.00

நேற்று அம்மா வந்திருந்தபோது இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். குளியலறை விஷயம் வந்தபோது “இதையெல்லாமா எழுதுவே” என்றாள். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “இருக்கட்டும், பேரு போடலல்ல” என்றாள்.

மௌனத்தைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நாள் கணக்கா? ஒரு நாள், மிஞ்சிப்போனா ஒன்றரை நாள்.”

“இல்லம்மா. வாரக் கடைசி முழுக்க ஒரு தடவை.”

“நீ வந்து ஸாரி சொல்லுவேன்னு நான் காத்துட்டிருப்பேன். நீயும்தான் ஒரு வார்த்தை பேச மாட்டே. அப்ப யாருக்கு அழுத்தம் ஜாஸ்தி?”

“எனக்கு அப்ப எட்டு வயசு.”

“எட்டு வயசுல உனக்கு வாய் எவ்வளவு நீளம்னு உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு.”

இப்படியே போனது. அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். வீட்டில் அப்படி எதுவும் நடந்ததே இல்லை, எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம் என்றார்.

மார்ச் 6, காலை 7.40

மணிக்கட்டுப் பட்டை பற்றிக் கேட்டவருக்கு: மணிக்கட்டை மட்டும் கட்டும் பட்டை பிரயோஜனம் இல்லை, கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ரகம் வேண்டும். டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். நான் இரண்டு வாங்கினேன். ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன், இப்போது எதற்கு என்று கேட்டாள், கையில் மாட்டிப் பார்த்தாள், அளவு சரியில்லை, மாற்றித் தரச் சொல்லியிருக்கிறாள்.